மைக் செட் அண்ணாச்சி செய்த கிட்டார் ஆட்டோ ஆஃப், எட்டு மாதம் கழித்து

எங்கள் சபை கிட்டாரின் பேட்டரி ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குச் செத்துப்போகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் ப்ரீஆம்ப், அதாவது சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட், 3 மில்லி ஆம்பியர் இழுத்தது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா 9 வோல்ட் பேட்டரியில் சுமார் 400 மில்லி ஆம்பியர்-மணி (mAh) இருக்கும். வகுத்தால் 133 மணி நேரம். ஞாயிறு மத்தியானம் 12 மணிக்கு ஆராதனை முடிந்து கிட்டாரை அப்படியே ஜாக்கோடு சாய்த்து வைத்துவிட்டுப் போனால் வெள்ளி நடுச்சாமம் தாண்டி ஒரு மணி. அடுத்த ஞாயிறு காலை எட்டரைக்கு முதல் பாமாலைக்கு எடுத்தால் கிட்டார் மூச்சு விடாது.

நான் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபையில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். மற்ற ஆறு நாளும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கிட்டார் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் குவைத்திலிருந்து வந்தபோது சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. நல்ல கிட்டார்தான். கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் இரண்டு, இரண்டும் வெளி உறுமலைக் குறைக்கும் ஹம்பக்கர் வகை, அதற்குப் பின்னால் டிஎல்072 ஐசி போட்ட ப்ரீஆம்ப், முதுகில் பேட்டரிக்கு ஒரு சின்ன அறை. வாசிக்கிறவர்கள் நான்கு பேர், நானும் சேர்த்து. நான்கு பேர் வாசிக்கிற பொருளுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா.

இந்த மாதிரி கிட்டாரில் தனியாக ஆன் ஆஃப் ஸ்விட்ச் கிடையாது. ஜாக்தான் ஸ்விட்ச். கிட்டாரில் இருக்கும் சாக்கெட் ஸ்டீரியோ, நாம் செருகும் பின் மோனோ. பேட்டரியின் மைனஸ் கம்பி சாக்கெட்டின் நடு வளையத்தில் இருக்கும். மோனோ பின்னின் நீளமான உடம்பு உள்ளே போனதும் வளையத்தையும் எர்த்தையும் சேர்த்துத் தொட்டுவிடும், பேட்டரி இணைந்துவிடும். பின்னை உருவினால் துண்டாகிவிடும். பல வருடமாக ஆக்டிவ் கிட்டார்கள், அதாவது பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் உள்ளவை, இப்படித்தான் வருகின்றன. எளிமையான ஏற்பாடு, ஒருவன் தினமும் ஒழுங்காகப் பின்னை உருவுவான் என்றால்.

எங்கள் பையன்கள் உருவுவார்கள். ஆனால் ஆம்ப் பக்கம் உருவுவார்கள். வயர் கிட்டாரிலேயே தொங்கும். "எடுத்துட்டேன் டீச்சர்" என்பான், பொய்யில்லை, அவன் கண்ணுக்கு எடுத்தாயிற்று. ஆராதனைச் சாமான்கள் வைக்கும் வெஸ்ட்ரி அறையின் கதவில் "கிட்டார் பக்கம் உள்ள பின்னைக் கழற்றவும்" என்று எழுதி ஒட்டினேன். அதன் மேலேயே ஒருவன் கொயர் ரிகர்சல் அட்டவணையை ஒட்டிவிட்டான்.

பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் கமிட்டியில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது கேட்டார், "மாசம் நாலு பேட்டரியா? இது கிட்டாரா, டார்ச் லைட்டா?" அன்றைக்குத்தான் இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் போன கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அந்த மனுஷர் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, அதனால் பெயர் வேண்டாம். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு சந்து. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். உள்ளே மைக் செட் ஆம்ப்ளிஃபையர்கள் வயிறு திறந்து கிடக்கும். சுற்று வட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் போகும் செட்டுகளில் பாதி இங்கே வந்து பிழைத்துப் போனவை. அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். கெப்பாசிட்டர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஐசிகள் மாரி பிஸ்கட் டின்னில். எந்தப் பாட்டிலில் எது என்பது அவருக்கு மட்டும் தெரியும், லேபிள் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கு எதுக்கு டீச்சர் சர்க்யூட்டு? பயலுவ காதத் திருகுனா போதாதா?" என்றார்.

காதைத் திருகிப் பார்த்தாயிற்று என்றேன்.

பிறகு அவர் சொன்னதை எந்தக் கடைக்காரர் சொல்லுவார் என்று தெரியவில்லை. "முதல்ல ஐசிய மாத்துங்க. 072 ரொம்பக் குடிக்கும். 062 போட்டுக்கிடுங்க, இருபது ரூவா சோலி." உண்மைதான். டிஎல்072க்குள் இரண்டு ஆம்ப், ஒன்றுக்கு 1.4 மில்லி ஆம்பியர். டிஎல்062 ஒன்றுக்கு 0.2. ஐசியின் உலோகக் கால்களின் வரிசை ஒன்றே, சாக்கெட்டில் கழற்றி மாட்டினால் முடிந்தது. இரைச்சல் கூடும். அட்டவணைப்படி 18 நானோ வோல்ட் இருந்த இடத்தில் 42. வீட்டில் ஹெட்ஃபோன் போட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு இது உறுத்தும். பதினாறு சீலிங் ஃபேன் ஓடும் எங்கள் கோயிலில் யார் காதில் விழப்போகிறது. அங்கேயே மாட்டினோம். ஐந்தரை நாள் வந்த பேட்டரி நான்கு வாரம் வரும் என்ற நிலை. பலருக்கு இதுவே போதும், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போகலாம்.

எனக்குப் போதவில்லை. மாதம் நான்கு போய் ஒன்று என்றாலும், அந்த ஒன்று எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாதே. முன்பாவது சனிக்கிழமை ஒரு மணி என்று நிச்சயமாகத் தெரியும்.

நான் இணையத்தில் பார்த்து 555 டைமர் வைத்த ஒரு சர்க்யூட்டை நோட்டில் வரைந்து கொண்டு போயிருந்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சிரித்தார். சாதா 555 சும்மா உட்கார்ந்திருக்கவே 3 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். "வெளஞ்சது ஒரு மூட்ட, காவக்காரனுக்குக் கூலி ரெண்டு மூட்டயா?" இதே ஐசியில் சிஎம்ஓஎஸ் வகை உண்டு, மிகக் குறைவாக இழுக்கும். அவரிடம் அது இல்லை. இருப்பதை வைத்துச் செய்கிற கடை அது, இதை ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள்.

அவர் முதலில் செய்து கொடுத்தது ரொம்பச் சின்னது. பேட்டரி மைனஸ் வழியில் 2என்7000 என்ற சின்ன மாஸ்ஃபெட், கரண்டைத் திறந்து மூடும் எலெக்ட்ரானிக் ஸ்விட்ச். அதை இயக்கும் காலான கேட்டில் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், குறுக்கே 10 மெகா ஓம். ஒரு பட்டனை அமுக்கினால் கெப்பாசிட்டர் நிரம்பும், மாஸ்ஃபெட் திறக்கும். பிறகு 10 மெகா வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கேட் 2 வோல்ட் பக்கம் இறங்கும்போது மூடிக்கொள்ளும். கணக்குப்படி 25 நிமிடம். கூலி 350 ரூபாய்.

கடையில் 14 நிமிடம் வந்தது. பங்குனி வெயிலில் கோயிலில் 9 நிமிடம்.

இதில் தப்பு எங்கே என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வகுப்பில் ஆர்சி நேர மாறிலி நடத்துகிறவள் நான், வெட்கமாக இருந்தது. 10 மெகா வழியாக வடிவது 1 மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் தனக்குள்ளேயே கசிவது அதை விடக் கூட இருக்கலாம், சூடு ஏற ஏற இன்னும் கூடும். குடத்தின் அடியில் ஊசித் துவாரம் போட்டு நேரம் அளக்கப் பார்த்தோம். குடமோ மண்குடம், சுற்றிலும் கசிந்தது.

இன்னொரு கோளாறு, அது பட்டென்று நிற்காது. கேட் மெல்ல இறங்குவதால் மாஸ்ஃபெட் பாதி திறந்து பாதி மூடிய நிலையில் கொஞ்ச நேரம் தவிக்கும். அப்போது வரும் சத்தம் தொண்டை கட்டியவன் கீர்த்தனை பாடுகிற மாதிரி.

பெரிய வெள்ளி வந்தது. மத்தியானம் 12 முதல் 3 வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிரசங்கம், நடுவில் ஒரு பாட்டு. பாட்டுக்கு முன்னால் பட்டனை அமுக்க வேண்டும் என்று பையனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நான்கு வார்த்தை வரை அமுக்கினான். ஐந்தாவதில் மறந்துவிட்டான். இரண்டாவது சரணத்தில் கிட்டார் கரகரத்து, இழுத்து, அடங்கியது. ஐந்தாம் வார்த்தை எது என்று வேதம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்: "தாகமாயிருக்கிறேன்." பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய வெள்ளியன்று கோயிலில் சிரிப்புச் சத்தம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறு வாரம் கடைக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன், இன்னொரு காரணமும் இருந்தது: பட்டன் வைக்க என்னைக் கேட்காமல் கிட்டார் உடம்பில் ட்ரில் போட்டிருந்தார். காணிக்கைப் பொருள். கொடுத்தவனின் அம்மா ஞாயிறுதோறும் மூன்றாம் பெஞ்சில் உட்காருகிறார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. போர்டை வாங்கி மேசை மேல் போட்டார். "சித்திரை, வைகாசி எனக்கு மூச்சு விட நேரமில்ல டீச்சர். கொட சீசன். ஆனில வாங்க, துட்டு வேண்டாம், வேற செஞ்சு தாரேன்."

ஆனியில் போனேன். மூன்று சனிக்கிழமை அவர் மேசை பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இந்த மதிப்பீட்டில் நான் கொடுக்கும் மார்க்கில் பெரும்பங்கு அந்த மூன்று சனிக்கிழமைக்கு.

இரண்டாவது சர்க்யூட்டின் மையம் சிடி4060. தோட்டத்து மோட்டார் டைமர்களில் அவர் கையில் அடிக்கடி படுகிற ஐசி. உள்ளே துடிப்பு உண்டாக்கும் ஒரு ஆசிலேட்டரும், அதை எண்ணும் பதினான்கு படி கவுண்டரும். பெரிய கெப்பாசிட்டரை மெல்ல வடிய விடுவதற்குப் பதில் சின்ன கெப்பாசிட்டரை வேகமாகத் துடிக்க விட்டு, துடிப்பை எண்ணுவது. 680 கிலோ ஓம், 0.22 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் போட்டால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி. 8192 துடிப்பு எண்ணியதும் கடைசிக் காலின் வோல்டேஜ் மேலே ஏறும். 45 நிமிடம். பாலியெஸ்டர் கசிவது மிகக் குறைவு, வெயிலுக்கும் அவ்வளவாக அசையாது. எலெக்ட்ரோலைட்டிக் இந்த வழியில் எங்கேயும் இல்லை.

அந்தக் கடைசிக் காலை நேரே ஒரு பி சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டில் கொடுத்தார். கால் கீழே இருக்கும் வரை ப்ரீஆம்புக்குக் கரண்ட் போகும், மேலே ஏறினால் நின்றுவிடும். நடுவில் வேறு ட்ரான்சிஸ்டர் வேண்டாம். மாஸ்ஃபெட்டாக அவர் எடுத்தது ஐஆர்எஃப்9540, 100 வோல்ட் தாங்குகிற ஆம்ப்ளிஃபையர் உருப்படி. நம் தேவை 1 மில்லி ஆம்பியர். எலுமிச்சம்பழம் நறுக்க அருவாளா என்றேன். "அருவா கையில இருக்கு, கத்தி வாங்க மதுரைக்குப் போணும்" என்றார். அதன் உலோக வாலை ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு மாட்டினார்.

எண்ணி முடித்த பிறகு ஆசிலேட்டர் வீணாக ஓடக் கூடாது. அதற்கு ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் ஒரே ஒரு 1என்4148 டயோடு, கடைசிக் காலிலிருந்து ஆசிலேட்டர் உள்ளீட்டுக்கு. கால் மேலே ஏறியதும் டயோடு ஆசிலேட்டரின் கழுத்தைப் பிடித்துவிடும். அதன் பிறகு ஐசி குடிப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பள்ளிக்கூட மல்டிமீட்டரில் 200 மைக்ரோ ரேஞ்ச் வைத்துப் பார்த்தேன், 0.3 காட்டியது.

இதுவரை டைமர். ஆனால் செருகியதிலிருந்து 45 நிமிடத்தில் நிற்கிற டைமர் யாருக்கு வேண்டும்? இரண்டு மணி நேர ஆராதனையில் நடுப்பாட்டில் நின்று தொலைக்கும். வாசிக்கிற வரை எண்ணிக்கை மறுபடி மறுபடி பூஜ்யத்துக்குப் போக வேண்டும். கம்பி அதிர்ந்தால் 4060இன் பன்னிரண்டாம் காலில், அதாவது எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் காலில், ஒரு தட்டு. அதற்கு சிக்னலைப் பெருக்க ஒரு டிஎல்061 ஐசி, இரண்டு டயோடு, பிசி547, பிசி557 என்று இரண்டு ட்ரான்சிஸ்டர். சிக்னலை வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாலேயே எடுத்தார். பின்னால் எடுத்தால் வால்யூமைக் குறைத்து வாசிக்கும்போது கிட்டாருக்குக் காது கேட்காது.

இங்கேதான் வேடிக்கை. 45 நிமிடம் காத்திருந்து சோதிக்க முடியாது என்று 0.22ஐ எடுத்துவிட்டு 0.001 மைக்ரோ போட்டார். 12 நொடியில் நிற்க வேண்டும். நின்றது. நின்ற வேகத்தில் மறுபடி ஆன் ஆனது. 12 நொடி கழித்து நின்று, உடனே கண் விழித்தது. தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்யும் பிள்ளை போல. அரை மணி நேரம் இரண்டு பேரும் உற்றுப் பார்த்தோம். விஷயம் இதுதான்: கரண்ட் நிற்கும்போது டிஎல்061 ஒரு குதி குதிக்கிறது. அந்தக் குதியைக் கம்பி அதிர்வு என்று எடுத்துக்கொண்டு சர்க்யூட் தன்னைத் தானே எழுப்பிக்கொள்கிறது.

மருந்து, டயோடுக்குப் பின்னால் இருக்கும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவது. ஒரு குதியில் அது நிரம்பாது. கம்பியை மீட்டினால் நொடிக்கு நூறு இருநூறு அதிர்வு வரும், நிரம்பிவிடும். ஒரு தடவை கதவைத் தட்டினால் திறக்காதே, விடாமல் தட்டினால் திற. அவ்வளவுதான். கெப்பாசிட்டரை மாற்றியதும் தூங்கினது தூங்கினதுதான்.

கோயிலுக்குக் கொண்டு போனோம். முதல் வாரம் தூங்கவேயில்லை. வெஸ்ட்ரியில் கிட்டார் சாய்த்து வைக்கும் மூலைக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர். அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமலைப் பிக்கப் வாங்கிக்கொண்டு, "யாரோ வாசிக்கிறார்கள்" என்று விடிய விடிய விழித்திருந்திருக்கிறது. ஹம்பக்கர்தான், இருந்தாலும் ஒரு முழம் தூரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதுவும் என்ன செய்யும். நான் கிட்டாரை இடம் மாற்றலாம் என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, "நீங்க மாத்துவீங்க, பயலுவ திருப்பி அங்கதான் வைப்பானுவ." 1 மெகா இருந்த இடத்தில் 220 கிலோ போட்டு டிஎல்061இன் பெருக்கத்தைக் குறைத்தார்.

மெதுவாக வாசித்தால் அப்போது தெரியாதே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "எல்லாத்தையும் அது கேக்க வேண்டாம் டீச்சர். முக்கா மணி நேரத்துல ஒரே ஒரு தடவ ஓங்கி ஒரு மீட்டு, அத கேட்டாப் போதும்." நான் இணையத்தில் பார்த்த சர்க்யூட்களில் எல்லாம் காதைக் கூர்மையாக்கத்தான் பாடுபட்டிருந்தார்கள். இவர் காதை மந்தமாக்கினார், வேலை முடிந்தது.

அந்த 45 நிமிடக் கணக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கணக்கில்லை. "உங்க ஐயர் எம்புட்டு நேரம் பிரசங்கம் பண்ணுவாரு?" என்று முதல் சனிக்கிழமையே கேட்டார், ஐயர் என்றது எங்கள் சபைப் போதகரை. ஞாயிற்றுக்கிழமை 30 நிமிடம், ஜெபத்தோடு சேர்த்து 35, அறுப்பின் பண்டிகை என்றால் 40 என்றேன். அவர் பாட்டிலைத் திறந்து 0.22ஐ எடுத்தார். பிரசங்கம் நீண்டால் கிட்டார் மௌனமாகத்தான் இருக்கும். அந்த மௌனம் மறதியில்லை. எத்தனை நேரம் மௌனம் தாண்டினால் மறதி என்று வைத்துக்கொள்வது? இதற்கு விடை எந்த அட்டவணையிலும் இல்லை, வாசிக்கிறவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கிறவருக்கு வேறு நேரம். வீட்டில் பழகுகிற பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று யாரும் திட்டமிடாமல் நடந்தது. ஆராதனையில் ட்ரம்ஸ் அடிக்கும்போது ஸ்டாண்டில் சும்மா நிற்கும் கிட்டார் கம்பியும் சேர்ந்து அதிரும். கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் சிறுவர் பாட்டு, நாடகம் என்று ஒன்றரை மணி நேரம் கிட்டாரை யாரும் தொடவில்லை. நடுநடுவே ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்ததால் அது தூங்காமல் இருந்தது. எடுத்து மீட்டியதும் சத்தம் வந்தது. ஆள் நடமாட்டம் இருந்தால் விழித்திருக்கும், கோயில் அடங்கினால் அதுவும் அடங்கும்.

எட்டு மாதமாக ஒரே பேட்டரி, அதுவும் பெட்டிக்கடைப் பேட்டரி. போட்ட அன்று 9.5 வோல்ட், போன வாரம் 8.1. விழித்திருக்கும்போது மொத்தம் 0.9 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ரிகர்சலும் ஆராதனையும் சேர்த்து வாரம் ஆறு மணி நேரம் என்றால் 5.4 மில்லி ஆம்பியர்-மணி. இந்தக் கணக்கில் ஒரு வருடம் தாண்டும். அதற்குள் பேட்டரி கசிந்து உள்ளறையைப் பாழாக்காமல் இருக்க, வருடம் ஒரு முறை தீராவிட்டாலும் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. முன்பு தீர்ந்து போய் மாற்றினோம், இப்போது வயதாகிப் போய் மாற்றுவோம். பொருளாளர் டார்ச் லைட் பேச்சை எடுப்பதில்லை.

இனி குறைகள். தூங்கிவிட்டால் எழுப்ப ஒரே வழி பின்னை உருவி மறுபடி செருகுவது. செருகும்போது 4060க்குப் புதிதாகக் கரண்ட் வந்து எண்ணிக்கை பூஜ்யமாகும். மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்காமல் செருகினால் "டொம்" என்று ஒரு சத்தம், முதியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். தூங்கும்போதும் சின்னதாக ஒரு "டப்" உண்டு. கேட்டில் 1 மெகாவும் 0.1 மைக்ரோவும் போட்டுக் கொஞ்சம் மழுக்கியிருக்கிறார், முழுக்கப் போகவில்லை. கம்பியைத் தொட்டாலே விழிக்கும்படி செய்ய முடியாதா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் காது மட்டும் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கென்று மிகக் குறைவாகக் குடிக்கும் கம்பாரேட்டர் ஐசி வேண்டும், பிஸ்கட் டின்னில் அது இல்லை.

கைவேலை சுத்தமில்லை. டாட் போர்டில் செய்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, குளூ கன்னால் ஒட்டியிருக்கிறார். போர்டு பெரிதாகிப் போனதால் பேட்டரி அறை மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. சர்க்யூட் படம் கேட்டேன், கொடையில் மிஞ்சின நோட்டீஸின் பின்பக்கம் வரைந்து கொடுத்தார். அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த சர்க்யூட் இப்போது எங்கள் வெஸ்ட்ரி ஃபைலில் இருக்கிறது, ஐயருக்குத் தெரியாது. பில் கிடையாது. பொருளாளருக்கு வவுச்சர் வேண்டும் என்று மன்றாடி ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பட்டன் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கிறேன். மூன்றாம் பெஞ்சு அம்மா இன்னும் கவனிக்கவில்லை.

ஆக்டிவ் பிக்கப் வைத்த எல்லா கிட்டாருக்கும் இது தேவையா என்றால் இல்லை. இஎம்ஜி கம்பெனியின் 81, 85 மாதிரி பிக்கப் ஒன்று இழுப்பதே 80 மைக்ரோ ஆம்பியர்தான், மாதக்கணக்கில் செருகியே வைத்தாலும் தாங்கும். அதற்குப் போய் இந்த சர்க்யூட்டைப் பூட்டினால் விழித்திருக்கும்போது காவல்காரன்தான் அதிகம் தின்பான். நம் ஊரில் புழங்கும் விலை குறைந்த ஆக்டிவ் கிட்டார், பாஸ் கிட்டார், பிக்கப்போடு வரும் அகூஸ்டிக், இவற்றில் ப்ரீஆம்ப் எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவில் மீட்டர், ஜாக்கைச் செருகி வையுங்கள். 1 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால், வீட்டில் மறதிக்காரர்களும் இருந்தால், அண்ணாச்சி மாதிரி ஒருவரைத் தேடுங்கள். ஒருவரே வாசிக்கிற கிட்டார் என்றால் பின்னை உருவப் பழகுங்கள், காசு மிச்சம்.

டீச்சர் என்பதால் மார்க் போடாமல் விட முடியவில்லை. சர்க்யூட்டுக்கு 85. கைவேலைக்கு 50. முதல் தடவை செய்ததற்கு ஃபெயில், ஆனால் மறுதேர்வு எழுதி பாஸ் ஆனவர்களை நான் எப்போதும் குறைத்துப் பார்த்ததில்லை. இரண்டாவதற்கு அவர் துட்டு வாங்கவில்லை. நானாக 500 ரூபாய் வைத்துவிட்டு வந்தேன், பிஸ்கட் டின்னுக்கு அடியில்.

போகிறவர்கள் சித்திரை வைகாசியில் போகாதீர்கள், டிசம்பரிலும் வேண்டாம், கேரல் ரவுண்ட்ஸுக்குப் போகும் செட்டெல்லாம் அங்கேதான் கிடக்கும். கையோடு ஒரு புதுப் பேட்டரியும் கிளிப்பும் கொண்டு போங்கள். ட்ரில் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு தடவை சொல்லுங்கள்.

நான் இந்த மாதம் மறுபடி போக வேண்டியிருக்கிறது. வருகிற மே மாதம் எங்கள் ஐயருக்கு மாற்றல். புதிதாக வருகிறவர் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து பிரசங்கத்தை முடிப்பதில்லை என்று அவருடைய பழைய சேகரத்துக்காரர்கள் சொல்கிறார்கள். 0.47 மைக்ரோ போட்டால் 96 நிமிடம் வரும். இப்போதே ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.